வலது காலில் தொடங்கியவர்கள்

காரைக்கால் கடற்கரையில் நாற்பத்தொரு பேருக்கு நான் தாய்ச்சி என்கிற சீன உடற்பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தேன். அதை முழுவதும் இடம் வலமாக மாற்றிச் சொல்லிக்கொடுத்தேன். தவறு என்று தெரிந்த பிறகும் திருத்தவில்லை. அதனால் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய வேலை கிடைக்காமல் போயிற்று. அவள் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இதுதான் செய்தி. முக்கியமானதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பத்திரிகையில் எனக்குப் பழக்கியிருந்தார்கள். நேரம் இல்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் கொஞ்சம் இருங்கள்... எனக்குச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது.

நான் மெய்ப்புப் பார்த்தவன். திருச்சியில் ஒரு நாளிதழில் இருபது ஆண்டுகள், பிறகு சிங்கப்பூரில் தமிழ்ப் பாடநூல்கள் அச்சிடும் ஓர் அச்சகத்தில் ஆறு ஆண்டுகள். ஒற்றுப்பிழை, எண்பிழை, படத்துக்குக் கீழே ஆள் பெயர் மாறிப்போவது... எதுவும் என் கண்ணைத் தாண்டிப் போனதில்லை. நாளிதழில் பிழை நேர்ந்தால் மறுநாள் உள்பக்கத்தின் அடியில் ஒரு சிறு கட்டம் போடுவார்கள். தலைப்பு, திருத்தம். நான் பார்த்த பக்கங்களுக்காக அந்தக் கட்டம் ஒருநாளும் போடப்படவில்லை. நான் விடைபெற்ற நாளில் ஆசிரியர் இதைச் சொல்லித்தான் எனக்குச் சால்வை போர்த்தினார்.

அந்தச் சால்வையை இன்னும் மடித்து வைத்திருக்கிறேன். பெருமையோடுதான் வைத்திருக்கிறேன். அதை மட்டும் மறைத்து என்ன பயன்?

சிங்கப்பூரில் நான் குடியிருந்த அடுக்குமாடிக்கும் எதிரில் இருந்த பூங்காவுக்கும் நடுவே ஒரு கால்வாய் ஓடியது. விடிந்ததும் அக்கரையில் முப்பது சீன முதியவர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்களுடைய ஆசிரியர் எல்லோருக்கும் முன்னால், தண்ணீரைப் பார்த்து நிற்பார். எல்லா முகங்களும் என் பக்கம். நான் இக்கரையில், கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்றேன். அவர்கள் கை போன பக்கம் என் கையும் போயிற்று. அவர்கள் நகர்ந்த பக்கம் நானும் நகர்ந்தேன். கண்ணாடி பார்த்துத் தலை சீவுகிறவனைப் போல. இருபத்து நான்கு நிலைகள். ஆறு ஆண்டுகளில் ஒன்றுவிடாமல் படிந்துவிட்டன.

ஒருநாள் கடைசி வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி என்னைப் பார்த்துக் கையசைத்தார். வா என்கிறார்! பாலம் ஐம்பது அடி தூரத்தில் இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஏன் போகவில்லை? இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டுக்கொண்டிருக்கிறேன்! ஐம்பது வயதைத் தாண்டி, எல்லோர் முன்னாலும் தெரியாதவனாக நிற்க வேண்டும். கை தவறினால் ஒருவர் வந்து மணிக்கட்டைப் பிடித்து மாற்றி வைப்பார். பிறருடைய பிழையைத் திருத்தியே சம்பளம் வாங்கியவனுக்கு அது பிடிக்கவில்லை. ஐம்பது அடி... நடந்திருந்தால் இதை எழுத நேர்ந்திருக்காது.

மொழியை மட்டும் ஒழுங்காகக் கற்றேன். அச்சகத்தில் பக்கத்து மேசையில் சீன மெய்ப்புப் பார்த்த திருமதி டான், சாப்பாட்டு இடைவேளைகளில் சொல்லிக்கொடுத்தார். குரல் ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் பென்சிலால் மேசையில் தட்டிக் காட்டுவார். நான் தப்பாகச் சொன்னால் சிரிப்பார். ஒருவர் முன்னால் மட்டும் தப்புச் செய்வது எனக்குச் சிரமமாக இல்லை.

ஊருக்குத் திரும்பினேன். முழங்கால் வலிக்காகக் கடற்கரையில், கலங்கரை விளக்கத்துக்கு அருகில், தனியாகச் செய்துகொண்டிருந்தேன். காலை நடைக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்கள். “சிங்கப்பூர்ல. ஆறு வருஷம்” என்றேன். இரண்டும் உண்மை. கால்வாய்க்கு இந்தப் பக்கம் நின்று என்பதை மட்டும் விட்டுவிட்டேன். பக்கத்தில் இடமில்லை என்று கடைசி வரியை வெட்டுவதுபோல் வெட்டிவிட்டேன்.

மூன்று பேர் சேர்ந்தார்கள். பிறகு ஒன்பது பேர். பிறகு வரிசை பிரிக்க வேண்டியதாயிற்று. காலையில் கடற்கரையில் தாய்ச்சி. சனி, ஞாயிறு மாலைகளில் சமுதாயக் கூடத்தில் சீன மொழி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி கொடுக்கிற கடைக்காரர் வந்தார். சிங்கப்பூர் வேலைக்குக் காத்திருந்த செவிலியர் இருவர் வந்தார்கள். சும்மா தெரிந்துகொள்ளலாம் என்று வந்தவர்கள்தான் அதிகம். கட்டணம் இல்லை. இந்த ஊரில் சீனம் யார் படிப்பார்கள் என்று கேட்டவர்களை, வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிப் பாருங்கள் என்று அனுப்பினேன்.

கடற்கரையில் முதல் நாள் வகுப்பில் நான் சொன்ன முதல் வாக்கியம்: “வலது காலை எடுத்து வைங்க.”

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்பார்களா? புது வீட்டுக்குள் போவதும், மருமகள் வாசற்படி மிதிப்பதும், கடை திறப்பதும் இந்த மண்ணில் வலது காலில்தான். எனக்கே அது இயல்பாக இருந்தது. கால்வாய்க்கு அக்கரையில் அவர்கள் எந்தக் காலை எடுத்தார்கள் என்று யோசிக்கவே தோன்றவில்லை. வேறெந்த ஊரிலாவது, இவ்வளவு பேரில் ஒருவராவது சந்தேகப்பட்டிருப்பார். இங்கே எல்லோருக்கும் அது நல்ல சகுனமாகப் பட்டது.

“பள்ளிக்குள்ள போறதும் சோத்துக்கைப் பக்கத்துக் காலதான் சார்” என்றார் ரஹ்மத் பீவி. கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருக்கிறவர். பர்தாவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நிற்பார். வகுப்பின் சிரிப்பு அவரிடமிருந்துதான் தொடங்கும்.

ஒருவர் மட்டும் முணுமுணுத்தார். முசியே அந்துவான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எண்பதை நெருங்குகிற வயது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை மணலில்கூட விடமாட்டார்.

“தம்பி, எங்க ரெஜிமால கோஷ்தான் மொதல்ல. எடது காலு. ஒலகத்துல எந்தப் பட்டாளமும் சோத்துக்கால்ல கௌம்பாது.”

“சண்டைக்குப் போறவங்க அப்படிக் கௌம்பட்டும் முசியே” என்றார் ரஹ்மத் பீவி. “நாங்க முட்டி வலிக்குல்ல வந்திருக்கோம்!”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே தெரியாது. அதுவரை நான் குற்றவாளி இல்லை. அந்த முதல் மூன்று ஆண்டுகளை இப்போதும் நல்ல ஆண்டுகளாகவே நினைக்கிறேன்.

தமிழரசி நெரவியிலிருந்து வந்தாள். முப்பத்தாறு வயது. பன்னிரண்டாம் வகுப்பு, கல்யாணம், இரண்டு பெண்கள், வயல் வேலை. முதல் பேருந்தில் வந்து வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவாள். காலையிலும் வருவாள், மொழிக்கும் வருவாள். கோடு போட்ட நோட்டில் இடப்பக்கம் சீன ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதுவாள். வலப்பக்கம் பொருள். வாரக் கடைசியில் என் மேசையில் வைப்பாள். நான் சிவப்பு மையால் திருத்துவேன், அச்சகக் குறிகளிலேயே. நீக்கு என்பதற்கு ஒரு சுழி, இடம் மாற்று என்பதற்கு ஒரு வளைவு. வகுப்பில் எல்லோருக்கும் அந்தக் குறிகள் பழகிவிட்டன. அவளுடைய நோட்டில் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது.

இனி சொல்லப்போவது என் வாழ்வில் நான் மிகவும் பெருமைப்பட்ட நாள். என் குற்றம் தொடங்கியதும் அதே மாதத்தில்தான்.

நிலக்கரிக் கப்பலில் வந்த ஒரு சீன மாலுமியைக் குடல்வால் வலியோடு பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெயர் லியூ. ஐம்பது வயது இருக்கும். ஆங்கிலம் ஒரு வார்த்தை வராது. கப்பல் முகவர் எனக்குத் தொலைபேசி செய்தார். நான் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். தமிழரசிக்குச் சொன்னேன். அவள் பேருந்தில் போனாள், கையில் நோட்டோடு.

நான் வந்து சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. வார்டு வாசலில் நின்று பார்த்தேன். கட்டிலுக்கு ஒரு பக்கம் மருத்துவர், மறுபக்கம் தமிழரசி. சேலை ஓரத்தில் காய்ந்த சேறு.

“எப்பலேருந்து வலின்னு கேளுங்க” என்றார் மருத்துவர்.

அவள் கேட்டாள். தொனி ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் விழுந்தது. லியூ பதில் சொன்னார்.

“நேத்து காலையிலேருந்துங்க டாக்டர். மொதல்ல தொப்புளைச் சுத்தி இருந்திச்சாம். அப்புறம் இந்தப் பக்கம் எறங்கிடுச்சாம். ரெண்டு தடவ வாந்தி.”

“மருந்து ஏதாவது ஒத்துக்காதா?”

அந்தச் சொல் அவளுக்குத் தெரியாது. ஒரு கணம் யோசித்தாள். மருந்து விழுங்குவதுபோல் காட்டி, கையைச் சொறிந்து, சீனத்தில் “இப்படி ஆகுமா?” என்று கேட்டாள். வலியோடு லியூ சிரித்துவிட்டார். ஆகாது என்று தலையசைத்தார்.

மருத்துவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “யாரு சார் இவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?” என்று கேட்டார். நான்தான் என்றேன். இருபத்தாறு ஆண்டுகளில் என் பெயர் ஒருமுறையும் அச்சில் வந்ததில்லை. அந்த ஒரு கேள்வி எனக்கு எல்லாவற்றுக்கும் ஈடாக இருந்தது!

அறுவை முடிந்தது. கப்பல் போய்விட்டது. அடுத்த ஏற்பாடு ஆகும்வரை லியூ மூன்று வாரம் விடுதியில் தங்கினார். கொஞ்சம் தேறியதும் ஒரு காலையில் கடற்கரைக்கு வந்தார். கடலை ஒட்டி, எங்களைப் பார்த்தபடி நின்றார். நாங்கள் தொடங்கினோம். அவரும் தொடங்கினார்.

எங்கள் வலது கால் போன பக்கம் அவர் கால் போயிற்று. எங்கள் கை உயர்ந்த பக்கம் அவர் கை உயர்ந்தது. அலைக்கு முன்னால் ஒரு சீனர், எங்களோடு துளி பிசகாமல்! வகுப்புக்கு ஒரே குதூகலம். நான் மட்டும் அவருடைய கால்களையே பார்த்தேன். எனக்கு எதிரில் நின்று இப்படி அசைந்தவர்களை நான் ஆறு ஆண்டுகள் பார்த்திருக்கிறேன் அல்லவா?

லியூ பாதியில் நிறுத்தினார். நெற்றியைச் சுருக்கினார். நடந்து வந்து முன்வரிசையில், முசியே அந்துவானுக்கு வலப்பக்கம், எங்களைப் போலவே கடலைப் பார்த்து நின்றார். மறுபடி தொடங்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

நான் வலது காலை எடுத்து வைத்தேன். வகுப்பும் வைத்தது. லியூ இடது காலை வைத்தார். அவரும் முசியேவும் தோளோடு தோள் மோதிக்கொண்டார்கள்.

“பர்தோன், பர்தோன்!” என்றார் முசியே.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. லியூ சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். மெல்ல, வகுப்பின் முன் என்னை அவமதிக்காத தாழ்ந்த குரலில், “ஃபான் ல” என்றார்.

தலைகீழாக இருக்கிறது. இடம் வலம் மாறிவிட்டது. அதுதான் பொருள். வகுப்பில் நான் அந்தச் சொல்லை இன்னும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

“என்ன சார் சொல்றாரு?” என்று கேட்டாள் தமிழரசி.

இங்கேதான்... இந்த இடத்தில்தான். என் தலைக்குள் எல்லாம் ஒரு நொடியில் சரியாகப் பொருந்தியது. கால்வாய், கம்பித் தடுப்பு, கையசைத்த மூதாட்டி. பாலத்தைக் கடக்காத ஐம்பது அடி. நாற்பத்தொரு முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“நல்லா பண்றீங்கன்னு சொல்றாரு” என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். லியூவுக்குத் தமிழ் தெரியாது. கைதட்டலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஒருவர் சொன்னதை மாற்றி அச்சில் போடக் கூடாது என்பது நான் தொழிலுக்குச் சேர்ந்த முதல் நாள் பாடம். பெரிய மனிதர்கள் சொன்ன அபத்தத்தைக்கூட ஓர் எழுத்து மாற்றாமல் விட்டவன் நான். ஒரு நோயாளி சொன்ன உண்மையை மாற்றினேன்.

அன்று இரண்டாவது தடவை செய்யும்போது தமிழரசி கொஞ்சம் தாமதித்தாள். நோட்டை எடுத்து எதையோ எழுதிவிட்டு வந்து வரிசையில் நின்றாள். அவளுக்கு அது வழக்கம். புதுச் சொல் எதையும் விடமாட்டாள்.

அதற்குப் பிறகு பொய்கள் சுலபமாக வந்தன. ரஹ்மத் பீவியின் மகள் துபாயிலிருந்து ஒரு காணொளி அனுப்பினாள். “சார், இதுல இடது காலுல்ல மொதல்ல வைக்கிறாங்க?” என்று அவர் கைபேசியை நீட்டினார். “செல்போன் கேமரால எல்லாம் திரும்பித்தாங்க தெரியும்” என்றேன். “அட ஆமா! செல்ஃபி எடுத்தா எம் மச்சம் இந்தப் பக்கம் வந்துருது” என்றார். நம்பிவிட்டார்! என்னை நம்பினார்கள். அதுதான் இதில் கொடுமை.

நீங்கள் கேட்கலாம்: இதில் என்ன பெரிய கேடு? முழங்காலுக்கு இடமும் வலமும் ஒன்றுதானே? நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். இரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது, சர்க்கரை கட்டுப்பட்டிருக்கிறது, முசியே தடி இல்லாமல் நடக்கிறார். யாருக்கு நட்டம்?

இரண்டு ஆண்டுகள் கழித்து அதற்கும் விடை வந்தது.

ஊரில் புதிதாகத் தொடங்கிய ஒரு முதியோர் இல்லத்தில் உடற்பயிற்சி ஆசிரியை தேவைப்பட்டார். தாய்ச்சி தெரிந்தவர் என்றால் நல்லது. பயிற்சியாளர் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குச் சென்னையில் ஆண்டுக்கு ஒருமுறை தேர்வு. தமிழரசி விண்ணப்பித்தாள். அவள் வரும்வரை இடத்தைக் காலியாக வைத்திருப்பதாக இல்லத்தில் சொன்னார்கள்.

“குனிஞ்சு குனிஞ்சே முதுகு போச்சு சார்” என்றாள் என்னிடம். “இதாவது நிமிந்து நின்னு செய்யற வேலை.”

தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது. நான்கு மாதத்தில் திருப்பிக் கற்றிருக்க முடியும். அவளால் முடியும். ஒரே ஒரு வாக்கியம் போதும். “தமிழரசி, நான் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன்.”

நான் அதற்குப் பதிலாக அவளுக்குத் தினமும் கூடுதலாக அரைமணி நேரம் பயிற்சி கொடுத்தேன். தவறான பக்கத்தை மேலும் மேலும் மெருகேற்றினேன். மேகக் கைகள் என்று ஒரு நிலை. இரண்டு கைகளும் வட்டமாகச் சுழல, உடல் பக்கவாட்டில் மிதந்துபோக வேண்டும். அவள் செய்யும்போது மணலில் தடம் விழுகிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றும். கால்வாய்க்கு அக்கரையில்கூட இவ்வளவு நன்றாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை உண்மையானது. அதை என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என்ன நினைத்து அனுப்பினேன்? அழகைப் பார்ப்பார்கள், திசையைப் பார்க்கமாட்டார்கள் என்றா? தனியாகத்தான் செய்யச் சொல்வார்கள் என்றா? ஆமாம்... அப்படித்தான் எதையோ நினைத்தேன். பிழையோடு பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு, யாரும் படிக்கமாட்டார்கள் என்று நம்பும் சோம்பேறிகளை நான் எவ்வளவு ஏசியிருக்கிறேன்!

சென்னையில் எட்டுப் பேரை இரண்டு வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஏழு பேர் இடப்பக்கம் போக, அவள் ஒருத்தி வலப்பக்கம் போயிருக்கிறாள். பக்கத்தில் நின்றவர் மேல் இடித்திருக்கிறாள். நிறுத்தி, மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மறுபடியும் வலப்பக்கம். உடம்பில் ஐந்து ஆண்டு ஊறியது ஒரு நிமிடத்தில் மாறுமா?

மறுநாள் காலையில் ஊருக்குப் போகாமல் நேராகக் கடற்கரைக்கு வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

“என்னாச்சும்மா?”

“போச்சு சார்” என்றாள். “நான்தான் சார்... பதட்டத்துல பக்கம் மாறிப் போயிட்டேன். நீங்க சரியாத்தான் சொல்லிக்குடுத்தீங்க.”

என் முகத்தையே பார்த்தாள். நீளமாகப் பார்த்தாள். அப்போது எனக்கு அந்தப் பார்வை புரியவில்லை.

“பதட்டம் எல்லாருக்கும் வர்றதுதான்” என்றேன். தலையாட்டினேன். “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“சரிங்க சார்” என்றாள்.

முதியோர் இல்லம் அடுத்த ஆண்டுவரை காத்திருக்கவில்லை. நாகப்பட்டினத்துப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொண்டார்கள். தமிழரசி நடவுக்குப் போனாள். வகுப்புக்கும் வந்தாள். மூன்று வாரம் கழித்து, வழக்கம்போல நோட்டை என் மேசையில் வைத்தாள்.

அந்த வாரப் பக்கத்துக்கு முன்னால் பழைய பக்கம் ஒன்றில் ஓர் அட்டைத் துண்டு செருகியிருந்தது. பிரித்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய பக்கம். இடப்பக்கம் அவள் கையெழுத்தில், ஃபான் ல. வலப்பக்கம், நன்றாகச் செய்கிறீர்கள். அதன் மேல் சிவப்புக் கோடு. நீக்கு என்பதற்கு நான் போடுகிற சுழி, ஓரத்தில், மிகச் சரியாக. அதற்கு மேல் சிறிய எழுத்தில்: இடம் வலம் மாறிவிட்டது.

அந்த நோட்டில் நான் போடாத ஒரே திருத்தம்.

அவளுக்குத் தெரிந்திருந்தது! கடற்கரையில் பையோடு வந்து நின்றபோதே தெரிந்திருந்தது. தேர்வாளர்கள் சொல்லாமல் இருந்திருப்பார்களா? பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, இல்லையம்மா, தப்பு என்னுடையது என்று நான் சொல்வதற்கு இடம் விட்டுக் காத்திருந்தாள். நான் அந்த இடத்தில் “பதட்டம் எல்லாருக்கும் வர்றதுதான்” என்று எழுதினேன்.

நோட்டை என்ன செய்தேன் தெரியுமா? அந்த வாரப் பக்கத்தை மட்டும் திருத்திவிட்டு, பழைய பக்கத்தைப் பார்க்காதவன்போல் திருப்பிக் கொடுத்தேன். அட்டைத் துண்டு மட்டும் என் மேசையில் தங்கிவிட்டது. அது இல்லாததை அவள் கவனித்திருப்பாள். எதையும் விடமாட்டாள் என்றுதான் சொன்னேனே.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் போன பிறகு நின்றாள்.

“கோட்டுச்சேரில ஒரு வகுப்பு ஆரம்பிக்கிறேன் சார். பள்ளிக்கூட மைதானத்துல இடம் குடுக்கறாங்க.”

“ரொம்ப சந்தோஷம்மா.”

“அங்க எடது காலத்தான் மொதல்ல வைப்போம்.”

நான் தரையைப் பார்த்தேன். ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, “வர்றேன் சார்” என்று போய்விட்டாள். எங்கள் இருவருக்கும் நடுவே இதைப் பற்றி நடந்த பேச்சு இவ்வளவுதான். இதற்கு மேல் இன்றுவரை ஒரு சொல் இல்லை.

உடம்பில் ஊறியதைப் பிழிந்து எடுத்துவிட்டு எதிர்ப்பக்கமாக முழுவதையும் திரும்பக் கற்றாள். யாருடைய உதவியும் இல்லாமல். அடுத்த ஆண்டு சென்னைக்குப் போய்த் தேறியும் வந்தாள். சான்றிதழைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். எனக்கும் அனுப்பினாள். வாழ்த்துகள் என்று பதில் போட்டேன். ஒற்றுப்பிழை இல்லாமல்.

இந்த ஆண்டு தொடக்கத்தில் கடற்கரையில் ஓர் உடல்நல விழா நடந்தது. இரண்டு வகுப்புகளையும் அழைத்தார்கள். ஒரே திசையில் நிறுத்த இடமில்லை. எங்களை ஒரு பக்கமும் கோட்டுச்சேரிக்காரர்களை எதிர்ப்பக்கமும், முகத்துக்கு முகம் நிறுத்தினார்கள். தமிழரசி தன் வரிசைக்கு முன்னால் வந்து, எனக்கு நேர் எதிரே நின்றாள்.

இசை தொடங்கியது.

எங்கள் நாற்பது வலது கால்கள், அவர்களுடைய இருபத்தைந்து இடது கால்கள், ஒரே பக்கமாக நகர்ந்தன. எங்கள் கை உயர்ந்த பக்கம் அவர்கள் கை உயர்ந்தது. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணாடி நிற்பதுபோல. சுண்டல் விற்கிறவர்கூடக் கூவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வெள்ளைக் கொக்கு என்ற நிலையில் எங்கள் பக்கம் சிறகு விரிந்தது, அதன் நிழல் எதிரில் விரிந்தது. உடல் திரும்பும் நிலை ஒன்றில் பார்த்தேன், ரஹ்மத் பீவியின் முகத்தில் சிரிப்பு இல்லை, கூர்மை இருந்தது. மேகக் கைகள் வந்தபோது நானும் தமிழரசியும் ஒருவருடைய கண்ணை ஒருவர் பார்த்தபடி மிதந்தோம். கால்வாய் நினைவுக்கு வந்தது. இப்போது அக்கரையில் அவள் நின்றாள்.

நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டேன்! உங்களிடம் பொய் சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஆறு நிமிடங்கள் என் நெஞ்சு நிறைந்திருந்தது. சேற்றில் கால் வைக்கிறவர்களும் வளையல் விற்கிறவரும் பட்டாளத்து முதியவரும், என் ஊர்க்காரர்கள், அலைக்கு முன்னால் இவ்வளவு அழகாக... அது என் பிழையிலிருந்து பிறந்த அழகு. அதனால் அது அழகு இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கைதட்டல் ஓயவில்லை. முசியே அந்துவான் மூச்சு வாங்க என் காதருகில் வந்தார். “பாத்தியா தம்பி, அவங்க கோஷ்ல கௌம்புறாங்க! நான் அன்னிக்கே சொன்னனே!”

விழாவை நடத்திய அதிகாரி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஒருத்தருக்கொருத்தர் கண்ணாடி மாதிரி பண்ணணும்னு யாருங்க யோசிச்சது?”

தமிழரசி ஒலிவாங்கியை வாங்கினாள்.

“எல்லாம் சாரோட யோசனைதாங்க” என்றாள். மருத்துவமனையில் பேசிய அதே தெளிவான குரல். “மொத நாள்லேருந்தே சார் இத மனசுல வெச்சுக்கிட்டுத்தான் சொல்லிக்குடுத்திருக்காரு.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பையோடு வந்து நின்ற காலையில் பார்த்த அதே பார்வை. மறுபடியும் இடம் விட்டாள். ஊர் முழுக்கக் கேட்கும்படி, ஒலிவாங்கியையும் என் பக்கம் நீட்டினாள்.

நான் ஒலிவாங்கியை வாங்கினேன். “நன்றி” என்றேன்.

அதிகாரி எனக்குச் சால்வை போர்த்தினார்.

இப்போது இரண்டு சால்வைகள் இருக்கின்றன. இரண்டாவதை மடிக்கவில்லை. நாற்காலி முதுகில் போட்டது போட்டபடி கிடக்கிறது.

நாளிதழாக இருந்தால் இதற்கு ஒரு கட்டம் போதும். மூன்று வரி. நான் இவ்வளவு நீளம் எழுதிவிட்டேன். யாரிடம் முதலில் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. முசியே எந்தத் தாளையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கிறவர். இது அச்சில் வந்தால் படித்துவிடுவார். வரட்டும் என்றும் இருக்கிறது. வராதிருந்தால் நல்லது என்றும் இருக்கிறது.

இன்று காலையும் போனேன். கடலைப் பார்த்து, அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஆசிரியர் அப்படித்தான் நிற்க வேண்டும். முகம் அவர்களுக்குத் தெரியாது.

வலது காலை எடுத்து வைத்தேன். எனக்குப் பின்னால் நாற்பது வலது கால்கள் ஒன்றாக மணலில் பதியும் சத்தம் கேட்டது.